ராணுவ லோரி வாங்கப் போகிறீர்களா? முதலில் காகிதம், பிறகு இரும்பு

புக்கிட் அசஹான், நியாலாஸ், செலண்டார் பக்கம் செம்பனை போட்டிருப்பவர்களுக்கு மழைக்காலம் வந்தால் ஒரே கவலைதான். குலையை வெட்டிவிடலாம், சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி? வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகவேண்டும். தாமதமானால் எண்ணெயின் தரம் இறங்கும், தராசுக்காரர் விலையைக் குறைப்பார். சாதாரண லோரியின் ஒரு பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் அன்றைய பிழைப்பே போயிற்று. அதனால்தான் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ராணுவ லோரிமேல் நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு கண். இரும்பு கெட்டி, விலையும் கைக்கு எட்டும். ஆனால் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, பெயரில் பதிய முடியாமல் லயத்துக்குப் பின்னால் துருப்பிடிக்க விட்டிருக்கும் வண்டிகளை நம் தோட்டப்புறங்களில் இன்றும் பார்க்கலாம். வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்லர். எஞ்சினைப் பார்த்தார்கள், டயரைப் பார்த்தார்கள், காகிதத்தைக் கேட்கவில்லை. அந்த வரிசையை மாற்றச் சொல்லித்தான் இந்தக் குறிப்புகள்.

1. முதலில் உங்கள் நிலத்தைக் கணக்குப் போடுங்கள். ஐந்து ஏக்கரில் இரண்டு வாரத்துக்கு ஒரு வெட்டு வெட்டினால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு டன்னைத் தாண்டாது. அதற்கு மூன்று டன் ராணுவ லோரி தேவையில்லை. மினி டிராக்டரும் ஒரு டிரெய்லரும் போதும், அல்லது நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து குலை இறக்குவதாக இருந்தால், அல்லது குனோங் லேடாங் அடிவாரத்து மேட்டுநிலம் உங்களுடையதாக இருந்தால், அப்போது பெரிய வண்டியைப் பற்றி யோசிக்கலாம்.

2. எந்த வண்டி என்பதைவிட, அதற்குச் சாமான் எங்கே கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. நம் ராணுவத்தில் நெடுநாள் ஓடிய ஹண்டாலான் மூன்று டன் லோரி, இசுசு வண்டியை அடிப்படையாக வைத்து இந்நாட்டிலேயே பூட்டப்பட்டது. இசுசு லோரி தெரிந்த எந்தப் போர்மனும் அதில் கை வைப்பார். வோல்வோ சி303 பார்க்கப் பிரமாதமாக இருக்கும், அச்சு உயரம், எந்தச் சேற்றையும் கடக்கும். ஆனால் ஒரு சீல் தேய்ந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவேண்டும், எஞ்சினும் பெட்ரோல் குடிக்கும். ஆசைக்கு வைத்துக்கொள்பவருக்கு அது சரி. குலை ஏற்றிப் பிழைப்பவருக்குச் சரிவராது. லேண்ட் ரோவருக்குச் சாமான் கிடைக்கும், தெரிந்த போர்மன்களும் இருக்கிறார்கள், சுமைதான் குறைவு.

3. 'லோரி ஹந்து' ஆகிவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ராணுவம் கழித்த லோரியைத் தொழிலுக்கு இழுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைகள் விட்டுச்சென்ற ஆறுசக்கர இழுவை லோரிகளை வெட்டுமரத் தவுக்கேமார்கள் வாங்கினார்கள். கூரையைக் கழற்றி, பின்னால் வின்ச் பூட்டி, மலைக்காட்டிலிருந்து மரம் இழுத்தார்கள். 'சான் தாய் வோங்' என்று அதற்குப் பெயர். தீபகற்ப மலேசியாவின் மரத்தொழில் பல ஆண்டுக்காலம் அந்த வண்டிகளின் முதுகில்தான் நடந்தது. பிலிப்பைன்சில் அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்பை நீட்டித்தான் ஜீப்னி பிறந்தது. இந்தியாவிலும் ராணுவம் கழித்த ஜீப்பும் லோரியும் ஏலத்தில் போய்ப் பொதுமக்கள் கைக்கு வந்து ஓடியிருக்கின்றன.

காட்டுக்குள் ஓடியவரை யாரும் கெரான் கேட்கவில்லை. அந்தப் பழக்கமே தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. நம்பர் இல்லை, ரோட்டெக்ஸ் இல்லை, விளக்கு இல்லை, பிரேக் பாதி. இப்படி ஓடுகிற வண்டியைத்தான் லோரி ஹந்து என்கிறார்கள். "எஸ்டேட்டுக்குள்தானே ஓடுது, யார் கேட்கப்போறாங்க" என்பதுதான் வழக்கமான சமாதானம். தோட்டத்திலிருந்து மில்லுக்குப் போகும் வழியில் ஒரேயொரு கம்பத்துச் சாலையைக் குறுக்கே கடந்தாலும் அது பொதுச்சாலை. அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சைக்கிளில் வந்தால், உங்களிடம் காப்புறுதி இல்லை, அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கு ஈடும் இல்லை. அடிபடுவது அநேகமாக நம் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும். ஜே.பி.ஜே. பிடிக்கும், சம்மன் வரும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

4. முகாம் வாசலில் யாரும் லோரி விற்பதில்லை. சுங்கை ஊடாங்கில் தெரெண்டாக் முகாம் இருப்பதால், "உள்ளே எனக்கு ஆள் இருக்கு, மலிவா எடுத்துத் தர்றேன்" என்று சொல்கிற தரகர்கள் கிளம்புவார்கள். அந்த முகாம் 1950-களின் கடைசியில் காமன்வெல்த் படைகளுக்காகக் கட்டப்பட்டது, அவர்கள் போனபின் நம் ராணுவத்தின் கைக்கு வந்தது. அன்றும் சரி, இன்றும் சரி, ராணுவ வண்டி எந்தத் தனி அதிகாரியின் சொத்தும் அல்ல. அரசாங்கச் சொத்தைக் கழிப்பதற்குக் கருவூலத்தின் விதிமுறை இருக்கிறது. 'பெலுப்புசான்' என்று அதற்குப் பெயர். டெண்டர், விலைப்புள்ளி, ஏலம் என்று முறையாகத்தான் விற்பார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் கைமாறுகிற வண்டி திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம், வாங்கியவரும் சேர்ந்து மாட்டுவார்.

5. டெண்டர் விளம்பரம் மலாய் நாளிதழ்களிலும் தற்காப்பு அமைச்சின் இணையத்தளத்திலும் வரும். தமிழ்ப் பத்திரிகையில் வரும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் மலாய் நன்றாகப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த டெண்டர் பத்திரத்தை ஒருவரி விடாமல் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். முன்பணம் எவ்வளவு, எந்த நாளுக்குள் வண்டியை அப்புறப்படுத்தவேண்டும், தவறினால் முன்பணம் போய்விடுமா, எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் வண்டிகளை ஒவ்வொன்றாக விற்பதில்லை. பத்துப் பதினைந்து வண்டி, பழைய டயர், உடைந்த சாமான் எல்லாவற்றையும் ஒரே லாட்டாகக் கட்டி விற்பார்கள். தனி ஆளுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் பழைய இரும்புத் தவுக்கேமார்கள் லாட்டை எடுக்கிறார்கள், நம்மவர்கள் அவர்களிடம் போய் வாங்குகிறார்கள்.

6. இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கழித்த வண்டி இரண்டு வகை. ஒன்று, மறுபடியும் பதிந்து சாலையில் ஓட்டத்தக்கது என்று விற்கப்படுவது. இன்னொன்று, பழைய இரும்பாக, 'பெசி புரோக்' ஆக விற்கப்படுவது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், இரண்டுக்கும் எஞ்சின் இருக்கும், இரண்டும் சாவி போட்டால் கிளம்பலாம். ஆனால் இரண்டாவது வகையை உடைத்துச் சாமானாக்கலாமே தவிர, சாலைக்குக் கொண்டுவர முடியாது. விற்பனைப் பத்திரத்தில் எந்த வார்த்தை இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். "பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன் தம்பி, நீங்க வண்டியை எடுங்க" என்று சொன்னால், வண்டியை எடுக்காதீர்கள்.

7. பணம் கட்டும் முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். விற்பனைப் பத்திரத்தின் நகல், வண்டியின் ஆண்டு, மாடல், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வண்டியை என் பெயரில் பதிய என்னென்ன வேண்டும், இந்த வயதுள்ள வண்டிக்குத் தடை ஏதும் உண்டா" என்று கேளுங்கள். ராணுவ வண்டிகள் நம் அப்பா காலத்துக் கார் மாதிரி ஜே.பி.ஜே. புத்தகத்தில் பதிந்தவை அல்ல. இசட் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணோடு, தற்காப்பு அமைச்சின் கணக்கில் இருப்பவை. ஆகவே உங்களுக்கு வேண்டியது பெயர் மாற்றம் மட்டும் அல்ல, ஏறக்குறையப் புதுப் பதிவு. அதற்குரிய கடிதங்களின் பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் தொழில்நுட்பப் பிரிவு அதிகாரியைப் பார்க்கவேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை.

8. முகாமுக்குள் வண்டி பார்க்கப் போகும் நாளில் அரைக்கால் சட்டை, சிலிப்பர் வேண்டாம். கால்மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, ஐ.சி. முகாம்கள் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடங்கள். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம், படம் எடுக்க விடமாட்டார்கள். ஒரு சிறு நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள்.

9. கூடவே ஒரு போர்மனை அழைத்துப் போங்கள். ராணுவத்தில் மின்-இயந்திரப் பொறியாளர் படையில், கே.ஜே.எல்.ஜே. என்பார்களே, அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். எந்த மாடலில் எது முதலில் போகும் என்பது அவருக்குக் கைப்பாடம். அவருக்குக் கொடுக்கிற கூலி வீண் செலவு அல்ல.

10. சேசிஸ் நம்பரை நீங்களே எடுங்கள். தகட்டில் எழுதியிருப்பது போதாது. தகட்டைக் கழற்றி மாட்டிவிடலாம். சட்டத்தின் இரும்பிலேயே அடித்திருக்கும் எண்தான் உண்மையான எண், பெரும்பாலும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சேறும் கிரீசும் பச்சைப் பெயிண்டும் அதன்மேல் அப்பியிருக்கும். முதலில் கம்பி பிரஷ், பிறகு டீசலில் நனைத்த துணி. எழுத்துகள் தெரியத் தொடங்கியதும் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டி வைத்து, பென்சில் முனையைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால் எண் தாளில் இறங்கும். விரலால் அந்த இடத்தைத் தடவியும் பாருங்கள். ஒரு எண் மட்டும் பள்ளம் கூடுதலாக இருந்தால், சுற்றி அரம் போட்ட வழவழப்பு இருந்தால், வெல்டிங் தழும்பு தட்டுப்பட்டால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சோதனையில் சந்தேகம் வந்தால் வண்டியை இரசாயன இலாகாவின் ஆய்வுக்கு அனுப்புவார்கள். அழித்த எண் அங்கே தெரிந்துவிடும். எண்ணை மாற்றியது நீங்கள் இல்லையென்றாலும், வண்டி இருப்பது உங்கள் கையில்.

11. எண்ணெயைப் பாருங்கள். ராணுவ வண்டி ஆற்றில் இறங்கி ஏறியிருக்கும். டிஃபரன்சல், கியர் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி மூன்றின் வடிகால் திருகையும் சற்றே தளர்த்தி இரண்டு சொட்டு விரலில் பிடியுங்கள். தே தாரிக் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்கும் பல்லும் அரித்திருக்கும். கறுப்பாக இருந்தால் பழையது, அவ்வளவுதான். வெள்ளித்தூள் மாதிரி மின்னினால் பல் தேய்கிறது என்று பொருள்.

12. டயரில் பூ முழுதாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். நின்றே பழையதான டயர் அது. பக்கச்சுவரில் நான்கு எண் அடித்திருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால் எல்லா டயரையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ரிம்மைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. பழைய லோரிகளில் ரிம் ஒரே துண்டாக இருக்காது. வளையமும் பூட்டு வளையமுமாகப் பிரிந்து வரும். துருப்பிடித்த பூட்டு வளையம் காற்று அடிக்கும்போது தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். வீட்டு வாசலில் கம்ப்ரசர் வைத்து அடிக்கவே கூடாது. இரும்புக் கூண்டு வைத்திருக்கிற டயர் கடையில், நீளக் குழாய் போட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்றுதான் அடிக்கவேண்டும். கழற்றும் முன் வால்வு ஊசியை எடுத்துக் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் அண்டவிடாதீர்கள்.

13. பிரேக், ஸ்டீரிங். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த லோரி கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியோடு மோதி ஒன்பது பேர் இறந்ததை நாடே பார்த்தது. ஸ்டீரிங் பழுதும் அளவுக்கு மீறிய பாரமும் அதையொட்டிப் பேசப்பட்டன. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் சக்கர சிலிண்டர் இறுகியிருக்கும், ரப்பர் உப்பியிருக்கும். பெடலை அழுத்தியபடி ஒரு நிமிடம் பிடியுங்கள், மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் அடியில் படுத்து மூட்டுகளைப் பார்க்கட்டும். சக்கரம் திரும்பும் முன் மூட்டு குலுங்கினால் புதுசு போடவேண்டும். பிரேக்குக்கும் ஸ்டீரிங்குக்கும் பழைய சாமான் வாங்கிப் போடாதீர்கள். மற்றது எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள்.

14. இருக்கைக்கு அடியிலும் சாமான் பெட்டிகளிலும் கைவிளக்கு அடித்துத் தேடுங்கள். தோட்டா, அதன் கூடு, புகைக்குண்டு மாதிரி எது தென்பட்டாலும் தொடாமல், நினைவுப் பொருளாக எடுத்துவைக்காமல் போலீசைக் கூப்பிடுங்கள். இந்நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது லேசான குற்றம் அல்ல.

15. தவுக்கேயிடம் வாங்கும்போது காகிதச் சங்கிலி அறுபடாமல் இருக்கவேண்டும். ராணுவம் அவருக்கு விற்ற பத்திரம், அவர் பணம் கட்டிய ரசீது, அவர் உங்களுக்கு விற்கும் பத்திரம். நடுவில் இன்னொருவர் கைமாற்றியிருந்தால் அவருடையதும் வேண்டும். ஒவ்வொன்றிலும் அதே சேசிஸ் எண் இருக்கிறதா என்று நீங்கள் தேய்த்து எடுத்த தாளோடு ஒப்பிடுங்கள். வேறு ஏதோ பழைய லோரியின் கெரானைக் காட்டி, "இதில் ஏற்றிக்கலாம்" என்று சொல்வார்கள். ஒரு வண்டியின் பெயரில் இன்னொரு வண்டியை ஓட்டுவது மோசடி. பாதி வெட்டி ஒட்டிய சட்டமும் அப்படித்தான், கனத்தோடு ஓடும்போது ஒட்டிய இடத்தில் பிளக்கும்.

16. கைக்காசு இருந்தால் வாங்குங்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கியில் தவணைக் கடன் எதிர்பார்க்க முடியாது. அதற்காக ஆலோங்கிடம் போகவேண்டாம். கூட்டுச் சீட்டு பிடித்து எடுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். கூட்டு நடத்தும் தொழிலை 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்துவிட்டது, சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனால் கேட்க நாதியில்லை. வண்டி விலை எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே தொகை அதைச் சாலைக்குக் கொண்டுவரவும் வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

17. வாங்கிய அன்றைக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும், வீடு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும். பதிவு இல்லை, ரோட்டெக்ஸ் இல்லை, காப்புறுதி இல்லை. காப்புறுதியின்றி ஓட்டினால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவுப்படி 1,000 வெள்ளிவரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுரிமமும் போகும். இசட் எண்ணை மாட்டியபடியே ஓட்டி வருவது இதையெல்லாம்விடப் பெரிய தப்பு. அந்த எண் ராணுவத்துக்குரியது. நண்பரின் லோரி எண்ணைக் கழற்றி மாட்டுவதும் அப்படியே.

லோ-லோடர் பிடியுங்கள். சுங்கை ஊடாங்கிலிருந்து வருகிறீர்கள் என்றால் பாயா ரும்புட் வழியாக வரும் நெடுஞ்சாலையும், அங்கிருந்து அலோர் காஜா, ஜாசின் இரண்டு பக்கமும் போகும் ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையும் அகலமானவை. சிக்கல் கடைசிக் கட்டத்தில்தான் வரும். தோட்டத்து நுழைவாயில், தாழத் தொங்கும் மின்கம்பி, சிறு பாலம். லோ-லோடரின் மேல் லோரி ஏறினால் உயரம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். கேன்வஸ் கூரையையும் அதன் வளைவுக் கம்பிகளையும் கழற்றிப் படுக்கவைத்தால் நிறையக் குறையும். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். விற்பனைப் பத்திரத்தின் நகல் ஒன்று லோ-லோடர் ஓட்டுநரிடம் இருக்கட்டும். வழியில் போலீஸ் நிறுத்தினால் அவர் காட்டவேண்டும். வண்டி வாணிப உரிமம் உள்ள சில விற்பனையாளர்களிடம் அதற்குரிய எண்பலகை இருக்கும். அதை உங்களுக்கு இரவல் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அது அவர் தொழிலுக்குக் கொடுத்த உரிமம்.

18. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ராணுவ அடையாளங்களை எடுப்பது. படைப்பிரிவுச் சின்னம், எழுத்துகள், ரேடியோ ஏரியல் தாங்கி, மறைவிளக்கு எல்லாம் போகட்டும். பச்சை நிறத்தை மாற்றி வேறு நிறம் அடித்து, அந்த நிறத்தையே பதிவில் எழுதச் சொல்லுங்கள். பிறகு மாற்றினால் மறுபடியும் ஜே.பி.ஜே.க்குத் தெரிவிக்கவேண்டியிருக்கும். ஆள் ஏற்றும் பலகைகளை எடுத்துச் சரக்குப் பெட்டி கட்டுவதாக இருந்தால், முதலில் வரைபடம் போட்டு ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் வெல்டிங்காரரைக் கூப்பிடவேண்டும். கட்டிவிட்டு ஒப்புதல் கேட்டால், பல நேரம் வெட்டி எடுக்கச் சொல்வார்கள்.

19. புஸ்பாகோம் சோதனைக்கும் லோ-லோடரில்தான் போகவேண்டும். ராணுவ லோரிகள் 24 வோல்ட், பல்பு எல்லா லோரிக் கடையிலும் கிடைக்கும். சிக்னல், பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, ஒளி திருப்பும் பட்டை, பின்னால் கார் உள்ளே நுழையாதபடி தடுக்கும் கம்பி, இருக்கைப் பட்டை எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். விழுந்தால் மறுசோதனை, மறுபடியும் லோ-லோடர் கூலி. பதிவான பிறகு சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு.

20. காப்புறுதிக் கம்பெனி "பழைய வண்டி, முடியாது" என்று சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள். மற்றவர்கள் எடுக்காத வண்டிகளுக்கென்றே எம்.எம்.ஐ.பி. என்ற கூட்டு ஏற்பாடு இந்நாட்டில் இருக்கிறது. கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் மூன்றாம் தரப்புக் காப்பாவது கிடைக்கும்.

21. உங்கள் டி லைசென்ஸ் போதாது. அது சுமையில்லாத எடை 3,500 கிலோவுக்கு மிகாத வண்டிக்கு. லேண்ட் ரோவர் அதற்குள் அடங்கும், ஹண்டாலான் அடங்காது. அதற்கு இ வகுப்பு வேண்டும். வாணிபச் சரக்கு வண்டிக்கு ஜி.டி.எல். உரிமமும் சேரும். "மகன் ராணுவத்தில் இருந்தப்போ இதே வண்டியைத்தான் ஓட்டினான்" என்று பல பெற்றோர் சொல்வார்கள். ராணுவத்தில் ஓட்டியது அங்கே செல்லும். ஊர்ச்சாலையில் ஜே.பி.ஜே. லைசென்ஸ்தான் கேட்பார்கள். ஆள் வைத்து ஓட்டினால் அவருக்குப் பெர்கேசோ கட்டுங்கள்.

22. சொந்தக் குலையை ஏற்றுவதற்கும் கூலிக்கு அடுத்தவர் குலையை ஏற்றுவதற்கும் உரிமம் வேறு. சொந்தச் சரக்குக்குப் பெம்பாவா சி, கூலிக்குப் பெம்பாவா ஏ. இரண்டும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அப்பாட் தருவது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு உதவியாக ஏற்றினேன் என்றாலும், அவர் கையில் பணம் வாங்கினால் அது கூலி. எது உங்கள் எடைக்கும் வேலைக்கும் பொருந்தும், வண்டியின் வயதுக்கு வரம்பு உண்டா என்பதை வாங்கும் முன்பே அங்கே கேட்டுவிடுங்கள்.

23. டீசல் கணக்கு. தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அதற்குப் பிறகு விலை மாறினாலும் பழைய மலிவு காலம் திரும்பவில்லை. சிறுதோட்டக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் புடி உதவிக்கு நீங்கள் தகுதியா என்று பாருங்கள். நாலு சக்கர இழுப்பைத் தார்ச்சாலையில் போட்டுவைக்காதீர்கள், டீசலும் போகும், டிரான்ஸ்பர் பெட்டியும் தேயும். சேற்றில் இறங்கும்போது போட்டு, ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

24. பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிற பெண்களை லோரியில் நிற்கவைத்துக் கொண்டுபோன காலத்தை நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். வேறு வழியில்லாத காலம் அது. இன்று செங் சன்னாசிமலைக்கு மாசிமகத்துக்குப் போக எல்லாரும் ஏறிக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால், வீட்டுப் பெரியவர்கள்தான் முதலில் மறுக்கவேண்டும். ராணுவ லோரியில் பலகை இருப்பதால் அது பேருந்து ஆகிவிடாது. சரக்கு வண்டியாகப் பதிந்தபின் பின்னால் போவது சரக்கு மட்டும்தான். விழுந்தவர்களுக்குக் காப்புறுதிப் பணமும் கிடைக்காது. பேருந்தோ வேனோ பிடிக்கக் கோயில் குழுவோடு பேசுங்கள். வெள்ளம் வந்து ஊரில் ஆட்களை ஏற்றவேண்டிய நிலை வந்தால், மாவட்ட அலுவலகத்துக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லி, அவர்கள் சொற்படி செய்யுங்கள்.

25. காகிதங்களை இரண்டு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அசல் விற்பனைப் பத்திரங்கள், சேசிஸ் எண் தேய்த்த தாள், ஒப்புதல் பெற்ற வரைபடம், கெரான் எல்லாம் வீட்டுப் பீரோவில், பூச்சி அரிக்காதபடி பிளாஸ்டிக் உறையில். நகல்களும் நடப்புக் காப்புறுதியும் புஸ்பாகோம் சான்றும் லோரியில், ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில், நனையாத பையில். அடுத்த சோதனைத் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.